கொடியில் காய்ந்த கிளவுஸ்

ஜூன் 2

இந்த நோட்டு கல்லூரியில் கொடுத்தது. முதல் பக்கத்தில் முத்திரை, அதன் கீழே 'தினமும் கற்றுக்கொண்டதை எழுதவும்' என்று முதல்வர் மேடத்தின் கையெழுத்து. மேடத்துக்குக் காட்ட வேறு நோட்டு வாங்கிக்கொள்கிறேன். இதில் உள்ளதை உள்ளபடி எழுதப் போகிறேன், இல்லாவிட்டால் வாந்திதான் வரும்.

இன்று கற்றுக்கொண்டது: தான்சானியாவில் கோழியும் பஸ்ஸில் பயணம் செய்யும். இரிங்கா என்கிற ஊரிலிருந்து ஐந்து மணி நேரம் என் காலடியிலேயே உட்கார்ந்து வந்தது. வெள்ளை ஷூ, புத்தம் புதுசு. இனி வெள்ளை என்று சொல்ல முடியாது.

சேலத்திலிருந்து நானும் ஷமீமாவும் வந்திருக்கிறோம். நர்சிங் கடைசி வருடம், எட்டு வாரப் பயிற்சி. கல்லூரி விளம்பரப் பலகையில் 'வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்' என்று போட வேண்டுமாம், அதற்கு நாங்கள் இருவர் பலி. கனடா என்றார்கள், ஜெர்மனி என்றார்கள். கடைசியில் ஒரு செம்மண் மேட்டில், கன்னியாஸ்திரிகள் நடத்தும் எண்பது படுக்கை ஆஸ்பத்திரி.

பொறுப்பில் இருப்பவர் சிஸ்டர் மிக்கேலம்மாள். குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர், இங்கே வந்து பத்தொன்பது வருடம் ஆகிறதாம்.

"வந்துட்டியளா மக்ளே? குளிச்சிட்டு வார்டுக்கு வாங்க. ஆளுக்கு ஒரு வாளி தண்ணிதான், கேட்டியளா."

இதுதான் வரவேற்பு.

ஜூன் 4

பிரசவ வார்டு. இருபது கட்டில், இருபத்தேழு பெண்கள். ரத்த வாடை, வியர்வை, புளித்த பால், எல்லாவற்றுக்கும் மேலே ப்ளீச்சிங் பவுடர். மற்றதைக்கூட எப்படியாவது பொறுத்துக்கொள்வேன். அந்த ப்ளீச்சிங் நாற்றம் மட்டும் எனக்கு ஆகவே ஆகாது. ஏன்டி என்று ஷமீமா கேட்டாள். அலர்ஜி என்றேன்.

இங்கே பிரசவம் பார்ப்பவள் ரெஹேமா. முப்பத்தைந்து வயது இருக்கும், மூன்று பிள்ளைகள், கடைசிக்கு எட்டு மாதம். அதை முதுகில் கட்டி ஒரு அக்கா மத்தியானம் தூக்கிவருகிறாள், இவள் வாசலிலேயே உட்கார்ந்து பால் கொடுக்கிறாள். சிஸ்டரிடம் பொறுக்கிய தமிழ் நான்கு சொல் வைத்திருக்கிறாள்: வாம்மா, சீக்கிரம், ஐயோ, போதும். மீதி இங்கிலீஷ்.

யாருக்கு என்ன ஆனாலும் 'போலே' என்பாள். இவர்கள் பாஷையில் 'ஐயோ பாவம்' என்கிற மாதிரி. என் ஷூ கதையைக் கேட்டுவிட்டு போலே. நான் வாசற்படியில் கால் இடித்துக்கொண்டதற்கு போலே. தும்மினால்கூட போலே. இடித்தது என் கால், இவளுக்கு என்ன வந்தது?

"உன் அம்மா என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டாள். ஒரு நர்சிங் ஹோமில் ஸ்டாஃப் என்றேன். பொய் இல்லை.

ஜூன் 6

சாப்பாடு: உகாலி என்று ஒரு வெள்ளைக் களி, அதோடு கீரை. "நம்ம கீரை மசியல் மாதிரியே இருக்குடி" என்று ஷமீமா இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். இவளைச் செவ்வாய்க் கிரகத்தில் விட்டாலும் நம்ம சேர்வராயன் மலை மாதிரி இருக்குடி என்பாள்.

நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பொரிகடலை.

ஜூன் 9

இன்று பார்த்ததை எழுதக் கை கூசுகிறது.

வார்டுக்குப் பின்னால் இரண்டு மரங்களுக்கு நடுவே கொடி கட்டியிருக்கிறது. அதில் வரிசையாக கிளவுஸ் தொங்குகிறது, கருவாடு காயப் போட்ட மாதிரி. பிரசவம் பார்த்த கிளவுஸ்! மரியாமு என்கிற கிழவி மூன்று பேசின் வைத்துக்கொண்டு முதலில் ப்ளீச்சிங் தண்ணீர், அப்புறம் சோப்பு, அப்புறம் நல்ல தண்ணீர் என்று அலசிக்கொண்டிருக்கிறாள். நாள் நெருங்கி, பிரசவத்துக்காக இங்கேயே தங்கியிருக்கும் கர்ப்பிணிகள் மரத்தடியில் உட்கார்ந்து, காய்ந்த ஒவ்வொன்றிலும் காற்றை அடைத்து, மணிக்கட்டில் முறுக்கிப் பிடித்து, கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். ஓட்டை இருந்தால் காற்று தெரியுமாம். கன்னத்தில்! எது எங்கே போய்விட்டு வந்தது, அதைக் கன்னத்தில்! அதற்குப் பிறகு பவுடர் போட்டு, ஜோடி சேர்த்து, காகிதத்தில் சுற்றி, டிரம்மில் அடுக்கி நீராவியில் வேகவைத்து, மறுபடியும் வார்டுக்கு.

நேராக சிஸ்டரிடம் போனேன். "சிஸ்டர், இது அசிங்கம்."

"எனக்கு மட்டும் இனிக்கா? இங்க பிரசவத்துக்கு வாறவதான் கிளவுஸ், பிளேடு, பஞ்சு எல்லாம் வாங்கிட்டு வரணும். வாங்க வக்கில்லாதவளும் புள்ள பெறத்தானே செய்யா? அவளுக்குத்தான் இது. ஸ்டோர்லருந்து வர வேண்டிய பெட்டி மூணு மாசமா வரல. வேற வழி இருந்தா சொல்லு, கேக்கேன்."

வழி சொல்வது என் வேலையா? நான் சேலத்திலிருந்து கிளவுஸ் ஒரு பெட்டி கொண்டுவந்திருக்கிறேன், நூறு. என் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். அதில் ஒன்றைக்கூட இந்தக் கொடிக்கு விட மாட்டேன்.

ஜூன் 11

இன்று பதினான்கு முறை கை கழுவினேன். கண்ணை மூடினால் கொடி தெரிகிறது.

ஜூன் 13

அம்மா போன் செய்தாள்.

"சாப்புட்டியா கண்ணு? எளச்சுப் போயிட்டியா?"

"அம்மா, இங்க கிளவுஸைக் கழுவித் திரும்பப் போடறாங்க."

"ஆவியில வேகவெக்கறாங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 16

ஞாயிறு. எல்லோரும் பூசைக்குப் போய்விட்டார்கள், வார்டில் ஒரே ஒரு நர்ஸ். ஷமீமா துணி துவைக்கப் போனாள். எனக்கு வயிற்று வலி என்று சொல்லியிருந்தேன்.

பின்பக்கம் குப்பை எரிக்கும் குழி வரை ஒரு நடை போய்விட்டு வந்தேன். நெருப்பு நன்றாகப் பிடித்திருந்தது. டிரம்மிலிருந்தது நாற்பது ஜோடி, கொடியில் கிடந்தது ஒரு இருபது. ரப்பர் எரியும் நாற்றமும் சகிக்காதுதான், ஆனாலும் ப்ளீச்சிங்குக்கு இது தேவலை. டிரம்மை மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

யாராவது ஒருத்தர் செய்ய வேண்டிய காரியம். கையில் இருக்கிற வரைக்கும் புதுசு வாங்க மாட்டார்கள். இல்லையென்றால் எப்படியாவது வாங்குவார்கள், வாங்கித்தானே ஆக வேண்டும்.

மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டேன். வந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. "உன் முடியில என்னடி ரப்பர் வாசம்?" என்றாள் ஷமீமா. குப்பை எரிக்கிற இடத்தைத் தாண்டி வந்தேன் என்றேன்.

ஜூன் 17

காலை ஏழு மணிக்கு ஒரே நேரத்தில் மூன்று பேர். முதல் இருவர் பையில் எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். மூன்றாமவள் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்தே வந்தவள், பத்தொன்பது வயது, கையில் ஒரு துணி மூட்டை மட்டும். ரெஹேமா டிரம்மைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். கொடியைப் பார்க்க ஆள் அனுப்பினாள், கொடியும் காலி.

குழந்தை பிறந்துவிட்டது. பெண். நன்றாக அழுதது. ஆனால் நச்சுக்கொடி வரவில்லை. ரத்தம் கட்டில் விளிம்பைத் தாண்டித் தரையில் ஓட ஆரம்பித்தது. ரெஹேமா "சீக்கிரம்! சீக்கிரம்!" என்று தமிழில் கத்தினாள். வார்டில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

என் அறைக்கு ஓடி, டிரங்குப் பெட்டியைத் திறந்து, கிளவுஸை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். என்னால் முடிந்த வேகத்தில் ஓடினேன். நான் வருவதற்குள் அவள் ரொட்டி சுற்றி வந்த பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, உள்ளே விட்டு, நச்சுக்கொடியை எடுத்துவிட்டிருந்தாள். பை கிழிந்து மணிக்கட்டில் தொங்கியது. முழங்கை வரை ரத்தம். முந்தாநாள் கீரை அரியும்போது அவள் கட்டை விரலில் வெட்டிக்கொண்டிருந்தாள், அதில் ஒட்டிய பிளாஸ்திரி தரையில் கிடந்தது.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

நான் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். ரெஹேமா நிமிர்ந்து பார்த்தாள். "இவ்வளவு தூரம் ஓடினாயா? எப்படி மூச்சு வாங்குகிறது பார். போலே" என்றாள்.

ஜூன் 18

டெஸ்ட் வந்தது. அந்தப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. அவளுக்கே இன்றுதான் தெரியும்.

ரெஹேமாவுக்கு அது தொற்றாமல் இருக்க இருபத்தெட்டு நாள் மாத்திரை. ஆறு வாரத்தில் ஒரு டெஸ்ட், மூன்று மாதத்தில் இன்னொன்று. அதுவரை எதுவும் சொல்ல முடியாது. அவள் தன் குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது.

சாப்பிடும்போது சிஸ்டர் சொன்னார்: "மரியாமுவ நாளையிலருந்து வர வேண்டாம்னு சொல்லியாச்சு. டிரம் அவ பொறுப்பு. சந்தையில கிளவுஸுக்குக் கிராக்கி, எல்லாருக்கும் தெரியும்."

"சிஸ்டர், அவங்கதான் எடுத்தாங்கன்னு யாரும் பாக்கலியே" என்றாள் ஷமீமா.

"பின்ன, றெக்க மொளச்சா பறந்து போச்சு?"

ஷமீமா என்னைப் பார்த்தாள். நான் களியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவளுக்கு என்ன தெரியும்?

ஜூன் 20

மரியாமு ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாள். காலை ஏழு மணிக்கு வருகிறாள், வேலைக்கு வருகிற அதே நேரம், துவைத்த துணி. யாரையும் எதுவும் கேட்பதில்லை. மாலையில் எழுந்து போகிறாள். கையை மடியில் மல்லாத்தி வைத்திருக்கிறாள், உள்ளங்கை வெளுத்துத் தோல் உரிந்து கிடக்கிறது.

பார்க்கவே சகிக்கவில்லை. வேறு எங்காவது போய் உட்காரக் கூடாதா?

ஜூன் 22

ரெஹேமாவின் யூனிஃபார்மில் முன்பக்கம் இரண்டு ஈர வட்டம். பால் கட்டிக்கொண்டு வழிகிறது. மாத்திரை வேறு ஒத்துக்கொள்ளாமல் மணிக்கு ஒரு முறை வாந்தி. பக்கத்தில் நின்றால் புளித்த வாடை. பழக்கதோஷம், மூக்கைச் சுளித்துவிட்டேன். அவள் பார்த்துவிட்டு ஒரு எட்டு தள்ளி நின்றாள். தள்ளி நின்று, "போலே" என்றாள்.

மத்தியானம் குழந்தை வந்தது. வாசலில் ஒரு மணி நேரம் அழுதது. ரெஹேமா உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு காதைப் பொத்தி உட்கார்ந்திருந்தாள்.

பொரிகடலைகூட இறங்கவில்லை.

ஜூன் 23

மேடத்துக்கான நோட்டில் எழுதியது: 'நோய்த்தொற்றுத் தடுப்பு முறைகள் பற்றி நேரடி அனுபவம் பெற்றேன்.'

ஜூன் 26

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஒரு வாரம் அம்மா வேலைக்குப் போகவில்லை. "லீவு கண்ணு" என்றாள். லீவு என்றாளே தவிர, தினமும் காலையில் குளித்து, நீலச் சேலை கட்டி, வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எட்டாம் நாள் ஆள் வந்து கூப்பிட்டுப் போனார்கள். காணாமல் போன ஊசிப் பெட்டி அலமாரிக்குப் பின்னால் கிடந்ததாம். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அம்மா அங்கே ஆயா. கக்கூஸ் கழுவுவாள், படுக்கை மாற்றுவாள், கிளவுஸ் கழுவுவாள்.

எழுதிவிட்டேன். ஷமீமாவுக்குத் தெரியாது, கல்லூரியில் ஒருத்திக்கும் தெரியாது. சின்ன வயதில் அவள் பக்கத்தில் படுத்தால் கையிலிருந்து ப்ளீச்சிங் நாற்றம் வரும். குமட்டும். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அம்மா கையை எடுத்துத் தன் தலைக்கு அடியில் ஒளித்துக்கொள்வாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். பதினேழாம் தேதி நான் உடனே ஓடவில்லை. ரெஹேமா டிரம்மை இரண்டாம் முறை திறந்தபோது பார்த்துக்கொண்டுதான் நின்றேன். இப்போதாவது புத்தி வரட்டும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். ரத்தம் என் ஷூவைத் தொட்ட பிறகுதான் ஓடினேன்.

ஜூன் 28

சிஸ்டர் சமையலறையில் கருவாட்டுத் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், கிளவுஸை எரிச்சது நான்."

கிள்ளுவது நின்றது. "என்னத்துக்கு?"

"அருவருப்பா இருந்துச்சு."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். கொடியைப் பார்த்தபோது என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

"பத்து நாளா அந்தக் கிழவியத் தாண்டிப் போயி, வந்து, சோறு தின்னிருக்க. எப்படிட்டி இறங்கிச்சி உனக்கு?"

'மக்ளே' போய் 'ட்டி' ஆகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. முகத்தைத் துடைக்கவில்லை.

"நானும் விசாரிக்காமத்தான் அவள அனுப்பினேன். அவகிட்ட நான் கேக்க வேண்டியத நான் கேட்டுக்கிடுதேன். உன் கணக்கு உன்னோட. உங்க காலேஜுக்கு எழுதத்தான் செய்வேன்."

வார்டுக்குப் போனேன். ரெஹேமா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், ஓடாமல் நின்றதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே கடைசித் துணி வரை மடித்தாள். அடுக்கினாள். அலமாரியைச் சாத்தினாள். எதிரே நின்று நான் தேம்பிக்கொண்டிருந்தேன்.

போலே சொல்லவில்லை.

ஜூன் 29

ஷமீமா: "ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரியும், யமுனா. நீயா சொல்வேன்னு பாத்தேன். நானே சொல்லியிருக்கணும். எனக்கும் தூக்கம் இல்ல." பிறகு அவளும் என்னோடு பேசவில்லை.

ஜூலை 1

பிரசவ வார்டில் என்னை வைத்துக்கொள்ள முடியாது என்று ரெஹேமா சொல்லிவிட்டாள். வேறு எங்கே அனுப்புவது என்று சிஸ்டருக்குத் தெரியவில்லை. மரியாமுவிடம் அனுப்பிவிட்டார்.

சிஸ்டர் கூப்பிட்டு மரியாமு திரும்பி வந்த அன்று நேராகப் பேசினிடம் போய் உட்கார்ந்தாளாம். எனக்கு ஒரு முக்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் என் கும்பிட்ட கைக்குள் ஒரு சோப்பை வைத்தாள்.

ப்ளீச்சிங் கண்ணை எரிக்கிறது. காலையிலிருந்து மூன்று முறை எழுந்து போய் வாந்தி எடுத்தேன்.

ஜூலை 8

என் பெட்டி கிளவுஸ் நூறும் தீர்ந்துவிட்டன. இப்போது அவையும் கொடியில் தொங்குகின்றன. எது என்னுடையது என்று தெரியவில்லை.

ஜூலை 14

நான் ஓட்டை பார்ப்பது கண்ணால். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். இன்று சரி என்று நான் வைத்த ஒன்றை மரியாமு எடுத்தாள். காற்றை அடைத்தாள், முறுக்கினாள், என் தலையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்து அழுத்தினாள்.

ஈர ரப்பர். உடம்பெல்லாம் கூசியது. அப்புறம் தெரிந்தது, சுண்டுவிரல் பக்கத்திலிருந்து ஊசி மாதிரி ஒரு காற்று. அது பட்ட இடம் சில்லென்றது. இதைப் போட்டுக்கொண்டு யாரோ ஒருத்தி உள்ளே கை விட்டிருப்பாள்.

மரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கர்ப்பிணிகள் சிரித்தார்கள். மிச்சமிருந்த முப்பத்தொன்றையும் கன்னத்தில் வைத்தே பார்த்தேன்.

சாயங்காலம் நானே போன் போட்டேன்.

"அம்மா, கிளவுஸ்ல ஓட்டை இருக்கான்னு நீ எப்படிப் பார்ப்ப?"

"கன்னத்துல வெச்சுத்தான் கண்ணு. கை மரத்துப் போயிருக்குமே, அதுக்குத் தெரியாது." பிறகு, "ஏன் கேக்கற? உன்னயப் போயி கழுவச் சொல்றாங்களா?" என்றாள். அந்தக் குரலில் ஒரு பதற்றம். தான் செய்ததை மகள் செய்துவிடக் கூடாது என்கிற பதற்றம்.

"இல்லம்மா. சும்மா கேட்டேன்" என்றேன்.

ஜூலை 29

ரெஹேமாவின் முதல் டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை. வார்டே கைதட்டிப் பாடியது. பேசினில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் ஒன்று பாக்கி, செப்டம்பரில்.

குழந்தை இப்போது பாலுக்கு அழுவதில்லை. மறந்துவிட்டது.

ஜூலை 30

கிளம்பினோம். ரெஹேமா ஷமீமாவைக் கட்டிக்கொண்டு, "வாம்மா, சீக்கிரம் வாம்மா" என்றாள். நான் இரண்டடி பின்னால் நின்றேன். என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள், கடைக்காரருக்கு ஆட்டுவது போல. உள்ளே போய்விட்டாள்.

செப்டம்பர் 18

சேலம். சிஸ்டரின் கடிதம் கல்லூரிக்கு வந்து, எனக்குச் சான்றிதழ் இல்லை என்றாகிவிட்டது. பயிற்சியைத் திரும்பவும் செய்ய வேண்டும். கல்லூரி விளம்பரப் பலகையில் ஷமீமா மட்டும் சிரிக்கிறாள். அம்மாவிடம் எல்லாவற்றையும் போன வாரம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. "அந்தக் கெழவி எத்தன நாளு வெளிய உக்காந்திருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். பத்து என்றேன். அன்று என்னோடு பேசவில்லை.

இன்று மாலை சிஸ்டரின் செய்தி வந்தது. 'ரெஹேமாவுக்கு ரெண்டாவது டெஸ்ட்டும் ஆச்சு. ஒண்ணும் இல்ல. உன்கிட்ட சொல்லச் சொல்லி அவ சொல்லல. நானாத்தான் சொல்லுதேன்.'

அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. அப்போதுதான் அம்மா வேலை முடிந்து வந்தாள். முகம்கூடக் கழுவாமல் நீலச் சேலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையை எடுத்தேன். வழக்கம்போல இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். "நாத்தம் அடிக்கும் கண்ணு, கழுவிட்டு வந்தர்றேன்" என்றாள்.

விடாமல் என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். அதே நாற்றம்தான். குமட்டியது. கையை விடவில்லை.